இலை மஞ்சளானால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?



ஆடி மாதம் கடையம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தோம். சேமிப்பு வாங்கியாயிற்று, கடன் தவணை வாங்கியாயிற்று, தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்தும் போட்டாயிற்று. ஒரு சகோதரி மட்டும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். "என்னக்கா, ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டோம். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கைநிறைய இலைகளை எங்கள் முன்னால் போட்டார்.

"எலுமிச்சை எல்லாம் மஞ்சளிச்சுப் போச்சும்மா. நாப்பது கன்னு. குழுக் கடன்லதான் வச்சது. காய்ப்புக்கு வருமுன்னே போயிரும் போல இருக்கு. நாலு பேருட்ட கேட்டேன். நாலு பேரும் நாலு விதமாச் சொல்லுதாவ" என்றார்.

ஒருவர் யூரியா போடச் சொன்னாராம். போட்டார், இரண்டு தடவை. இன்னொருவர் தண்ணீர் காணாது என்றாராம். தினமும் பாய்ச்சினார். கடையில் ஒரு டானிக் பாட்டில் கொடுத்தார்கள், அதையும் அடித்தார். கடைசியாக ஒருவர், "இது வைரஸ், எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு வேற வை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாங்கிய கடன் 10,000 ரூபாய். அதில் 6 தவணை பாக்கி. இதற்கு மேல் வைத்தியத்திற்கு மட்டும் 2,800 ரூபாய் செலவு. இலையோ முன்பைவிட அதிகமாக மஞ்சளாகிவிட்டது.

நம் கூட்டமைப்பில் எலுமிச்சை வைத்திருக்கும் உறுப்பினர்கள் பலர். வீட்டுப் புறவாசலில் ஒரு கன்று வைத்தவர்களும் உண்டு, அரை ஏக்கரில் வைத்தவர்களும் உண்டு. எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும். ஆகவே அந்தச் சகோதரியின் தோட்டத்தில் நாங்கள் பார்த்ததையும், உதவி தோட்டக்கலை அலுவலர் சொல்லித் தந்ததையும் சேர்த்து இந்த இதழில் எழுதுகிறோம்.

நம் மண்ணுக்குச் சொந்தமான மரம்

எலுமிச்சை நமக்குப் புதியது அல்ல. புளியங்குடியை எலுமிச்சை நகரம் என்றே சொல்வார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 என்ற எலுமிச்சை ரகம், நம் கடையம் பகுதியின் நாட்டு எலுமிச்சையிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம்தான். கடையமும் புளியங்குடியும் முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தவை. 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிரிந்தபோது அந்தப் பக்கம் போயின. மாவட்டம் மாறினாலும் தண்ணீர் மாறவில்லை. கடையம் பக்கத்துக் கடனாநதி, ராமநதி, ஜம்புநதி எல்லாம் கடைசியில் நம் தாமிரபரணியில்தான் சேருகின்றன.

ஊருக்கு ஏற்ற மரம்தான். அப்படியிருந்தும் ஏன் மஞ்சளாகிறது?

மஞ்சள் என்பது நோயின் பெயர் அல்ல

பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால் காய்ச்சலே நோய் என்று நாம் சொல்வதில்லை. சளியாலும் வரும், டைபாய்டாலும் வரும், டெங்குவாலும் வரும். எது என்று தெரியாமல் மாத்திரை வாங்கிக் கொடுத்தால் காசும் போகும், பிள்ளையும் வாடும். இலை மஞ்சளாவதும் அப்படித்தான். இலையில் உள்ள பச்சையம் குறைகிறது என்ற அடையாளம் மட்டும்தான் அது. ஏன் குறைகிறது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது பெரிய வித்தை அல்ல. ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனால் போதும். வரிசையை மாற்றக்கூடாது. முதல் இரண்டு கேள்விக்குக் காசே தேவையில்லை, கண்ணும் கையும் போதும்.

முதல் கேள்வி: உண்மையிலேயே கோளாறுதானா?

கிளையின் அடிப்பக்கத்தில் நாலைந்து முதிர்ந்த இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தால் பயப்பட வேண்டாம். வயதான இலை உதிர்வது இயற்கை. அதேபோலப் புதிதாக விட்ட கொழுந்து வெளிர் பச்சையாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் இலை விரிந்து தடித்ததும் கரும்பச்சை ஆகிவிடும். அதுவரை பொறுத்துப் பார்க்க வேண்டும். கொழுந்து விட்ட மறுநாளே மருந்துக் கடைக்கு ஓடக்கூடாது.

விரிந்து முற்றிய பிறகும் இலை மஞ்சளாகவே இருந்தால், அல்லது ஒரே சமயத்தில் நிறைய இலைகள் மஞ்சளானால், அடுத்த கேள்விக்குப் போகலாம்.

இரண்டாம் கேள்வி: வேர் எப்படி இருக்கிறது?

இலையைப் பார்க்கும் முன் வேரைப் பாருங்கள். இதைத்தான் நாம் எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, மம்பட்டியால் ஒரு சாண் ஆழத்திற்கு மெதுவாகத் தோண்டுங்கள். மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்துப் பாருங்கள். பிசைந்தால் சேறு மாதிரி ஒட்டுகிறதா? நாற்றம் அடிக்கிறதா? நல்ல சல்லிவேர் வெளிர் மஞ்சளாக, உறுதியாக இருக்கும். அழுகிய வேர் கறுத்திருக்கும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்துவிடும், உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும்.

வேருக்கும் மூச்சு விடக் காற்று வேண்டும். மண்ணில் எப்போதும் தண்ணீர் நின்றால் காற்றுக்கு இடமில்லை. வேர் அழுகும். அழுகிய வேரால் உரத்தை எடுக்க முடியாது. அப்போது மண்ணில் சத்து இருந்தும் இலை பட்டினி கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு நாம் மேலும் யூரியா போடுகிறோம். புண்ணில் உப்புத் தடவிய கதைதான். மீதியிருக்கும் வேரும் கருகிவிடும்.

அந்தச் சகோதரியின் தோட்டத்தில் பள்ளமான பக்கத்தில் இருந்த 9 கன்றுகளுக்கு இதுதான் நடந்தது. பக்கத்தில் நெல் வயல். கார் நடவுக்குக் கால்வாயில் தண்ணீர் விட்டதும் வயலிலிருந்து கசிவு இந்தக் கன்றுகளின் அடிக்கு வந்துவிட்டது. போதாததற்கு இவரும் தினமும் பாய்ச்சியிருக்கிறார். தோண்டிப் பார்த்ததும் அவருக்கே விளங்கிவிட்டது. "அய்யோ, நானே தண்ணிய ஊத்திக் கொன்னுருக்கேனே" என்றார்.

இதற்கு மருந்து இல்லை, வேலைதான் உண்டு. வயல் வரப்பு ஓரமாக ஒரு வடிகால் வெட்ட வேண்டும். தண்டைச் சுற்றி மண்ணைக் கூம்பாக அணைத்து, தண்ணீர் தண்டில் படாமல் வெளி வட்டத்தில் மட்டும் நிற்கும்படி வட்டப்பாத்தி போட வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். தண்டின் அடிப்பட்டை கறுத்துப் பிசின் வடிகிறதா என்றும் பாருங்கள். இலையில் நடு நரம்பு மட்டும் வெளுத்து மஞ்சளாகத் தெரிவதும் இந்த அடிப்பட்டை அழுகலுக்கு ஓர் அடையாளம். பிசின் வடிந்தால் அழுகிய பட்டையைச் சுத்தமாகச் சீவிவிட்டு, போர்டோ பசை பூச வேண்டும்.

இலையின் நுனியும் ஓரமும் தீயில் காட்டியது போலக் கருகியிருந்தால், போர் தண்ணீரில் உப்பு அதிகமா என்று சந்தேகப்பட வேண்டும். உரத்தைத் தண்டுக்கு ஒட்டிப் போட்டாலும் இப்படிக் கருகும்.

மூன்றாம் கேள்வி: மஞ்சளானது பழைய இலையா, புது இலையா?

வேர் நன்றாக இருக்கிறது, தண்ணீரும் சரி என்றால் இப்போது இலைக்கு வருவோம். இங்கே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

வீட்டில் சோறு குறைந்தால் அம்மா என்ன செய்கிறாள்? தன் தட்டில் உள்ளதை எடுத்துப் பிள்ளைக்குப் போடுகிறாள். மரமும் சில சத்துக்களை அப்படிப் பகிர்ந்துகொள்ளும். தழைச்சத்தும் மக்னீசியமும் அப்படிப்பட்டவை. மண்ணில் குறைந்தால் பழைய இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். ஆகவே பழைய இலை முதலில் வெளுக்கும்.

வேறு சில சத்துக்கள் பச்சை குத்தியது போல. ஓர் இலையில் சேர்ந்துவிட்டால் அங்கேயே தங்கிவிடும், எடுத்து இன்னொன்றுக்குக் கொடுப்பது கஷ்டம். இரும்பும் துத்தநாகமும் மாங்கனீசும் அப்படி. இவை குறைந்தால் பழைய இலை பச்சையாகவே இருக்கும், புதுக் கொழுந்து மட்டும் மஞ்சளாக வரும்.

அடி இலை மஞ்சளா, நுனி இலை மஞ்சளா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

*அடி இலை மஞ்சள் என்றால்:*

இலை முழுவதும், நரம்பு உட்பட, ஒரே சீராக வெளிறியிருந்தால் தழைச்சத்துக் குறைவு. யூரியா உதவுவது இந்த ஒரு மஞ்சளுக்குத்தான். ஆனால் அள்ளிப் போடக்கூடாது. பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி முதல் ஆண்டு ஒரு மரத்திற்கு 10 கிலோ தொழு உரமும் 200 கிராம் தழைச்சத்தும் போதும். 200 கிராம் தழைச்சத்து என்றால் ஏறக்குறைய 430 கிராம் யூரியா. அதையும் மார்ச்சில் பாதி, அக்டோபரில் பாதி என்று பிரித்து, தண்டிலிருந்து 70 செ.மீ. தள்ளி மண்ணோடு கலந்துவிட்டுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும்.

இலையின் நுனியும் ஓரமும் மஞ்சளாகி, காம்புப் பக்கம் மட்டும் அம்பு முனை போலப் பச்சை நின்றால் மக்னீசியக் குறைவு. மக்னீசியம் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளிக்கலாம்.

*நுனி இலை மஞ்சள் என்றால்:*

இலை சிறுத்து, குறுகி, மேல்நோக்கி நிற்கும். கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து இலைகள் கொத்தாகத் தெரியும். நரம்பும் அதை ஒட்டிய பகுதியும் பச்சையாக இருக்கும், இடையில் உள்ள பகுதி பளிச்சென்று மஞ்சளாக இருக்கும். இது துத்தநாகக் குறைவு. எலுமிச்சையில் இது மிகவும் சாதாரணம். டி.ஏ.பி. போன்ற மணிச்சத்து உரத்தை அளவுக்கு மேல் போட்டாலும் துத்தநாகம் மரத்துக்குக் கிடைக்காமல் போகும்.

இலை அளவு சரியாகவே இருக்கிறது, ஆனால் வெளிர் மஞ்சள் துணியில் பச்சை நூலால் மெல்லிய வலை பின்னியது போல நரம்பு மட்டும் தெரிகிறது என்றால் இரும்புக் குறைவு. முற்றினால் இலை வெள்ளையாகவே ஆகிவிடும்.

இலை அளவும் சரி, நரம்பை ஒட்டி அகலமான பச்சைப் பட்டையும் இருக்கிறது, இடையில் மட்டும் லேசாக வெளிறியிருக்கிறது என்றால் மாங்கனீசுக் குறைவு.

நான்காம் கேள்வி: மண் எப்படிப்பட்டது?

இரும்புக் குறைவு என்றால் மண்ணில் இரும்பே இல்லை என்று அர்த்தம் அல்ல. பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்பு அதிகமாகி இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வேரால் எடுக்க முடிவதில்லை. சுக்கான் கல் உள்ள இடங்களில் இது நடக்கும்.

வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை செய்யலாம். காய்ந்த மண்ணைக் கொஞ்சம் எடுத்து ஒரு தட்டில் வைத்து, அதன்மேல் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். சோடா மாதிரி பொங்கி நுரைத்தால் சுண்ணாம்பு அதிகம் என்று தெரிந்துகொள்ளலாம். அந்தச் சகோதரியின் தோட்டத்தில் மேட்டுப் பக்கத்து மண் நன்றாகவே பொங்கியது. அங்கே நின்ற 6 கன்றுகளுக்கு இரும்புக் குறைவு. மீதி இடத்து மண் பொங்கவில்லை.

இது அடையாளம் பார்க்கத்தான். சரியாகத் தெரிய மண் பரிசோதனை செய்யத்தான் வேண்டும். பழமரத் தோட்டம் என்றால் மேல்மண்ணை மட்டும் எடுத்தால் போதாது. ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி என்று மூன்று ஆழத்தில் தனித்தனியாக அரைக் கிலோ வீதம் எடுத்து, நிழலில் உலர்த்தி, தனித்தனிப் பையில் போட்டு அடையாளம் எழுத வேண்டும். பாய்ச்சும் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுபோங்கள்.

தெளிக்கும் முறை

துத்தநாகக் குறைவுக்கு: 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட். கடையில் ஜிங்க் சல்பேட் என்று கேளுங்கள். இலை கருகாமல் இருக்க, நீற்றிய சுண்ணாம்பு 25 கிராமைத் தனியே கரைத்து வடிகட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு மூன்று தடவை, மார்ச், ஜூலை, அக்டோபர் மாதங்களில், புதுத்தளிர் விட்ட பிறகு தெளிக்க வேண்டும்.

இரும்புக் குறைவுக்கு: 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் அன்னபேதி உப்பு, அதோடு 10 கிராம் சிட்ரிக் அமிலம். இதில் சுண்ணாம்பு சேர்க்கவே கூடாது. இரண்டு மருந்தையும் ஒன்றாகக் கலக்கவும் கூடாது. சுக்கான் நிலத்தில் தொழு உரம் நிறையப் போடுவதும், தண்ணீரை அளவாகப் பாய்ச்சுவதும் சேர்ந்தால்தான் பலன் நிற்கும்.

காலையில் வெயில் ஏறும் முன் அல்லது சாயங்காலம் தெளியுங்கள். முதலில் ஒரே ஒரு மரத்தில் தெளித்து நாலு நாள் பாருங்கள், இலை கருகவில்லை என்றால் மற்ற மரங்களுக்கு அடிக்கலாம். ஏற்கெனவே மஞ்சளான இலை பச்சையாகவில்லையே என்று திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். பலன் தெரிவது அடுத்து வரும் கொழுந்தில்தான்.

ஐந்தாம் கேள்வி: இலையின் இரண்டு பாதியும் ஒன்றுபோல இருக்கிறதா?

இதுதான் முக்கியமான கேள்வி. நாங்களே முதலில் கேட்கத் தவறிய கேள்வியும் இதுதான்.

மஞ்சளான இலையை நடு நரம்பில் மடித்துப் பாருங்கள். சத்துக் குறைவு என்றால் இடது பாதி எப்படியோ அப்படியேதான் வலது பாதியும் இருக்கும், கோலத்தில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பது மாதிரி. ஒரு பாதியில் மஞ்சள் திட்டு ஓரிடத்தில், மறு பாதியில் வேறிடத்தில், நரம்பைப் பொருட்படுத்தாமல் தாண்டித் தாண்டிப் பரவியிருந்தால் கவனமாக இருக்க வேண்டும். அது பசுமையாக்கும் நோய் என்கிற நுண்ணுயிரி நோயாக இருக்கலாம். காய் கோணலாகி, பழுக்கும் காலத்திலும் ஒரு பக்கம் பச்சையாகவே நிற்பதால் அந்தப் பெயர். சீனாவில் இதற்கு வைத்த பெயருக்கு மஞ்சள் தளிர் நோய் என்று பொருள் சொல்கிறார்கள்.

இந்த நோய் வந்த மரத்தைக் குணப்படுத்த இன்றுவரை மருந்து இல்லை. இதைப் பரப்புவது சைலா என்ற மிகச் சிறிய பூச்சி. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக, பழுப்பு நிறமாக, வாலைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருக்கும். அதன் குஞ்சுகள் மஞ்சளாக இருக்கும், கொழுந்தில் வெள்ளை மெழுகு நூல் போலக் கழிவு தொங்கும். கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பத்துச் செடிதான். அதன் கொழுந்திலும் இந்தப் பூச்சி பெருகும். எனவே தோட்டத்தில் கறிவேப்பிலை இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் ஆரஞ்சுக்குப் பேர் போனது. அங்கே 2005இல் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. நோயும் புயல்களும் சேர்ந்து அடித்ததில் இன்று அங்கே ஆரஞ்சு விளைச்சல் பழைய அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. பணமும் படிப்பும் உள்ள நாட்டிலேயே அப்படி. ஒரு மரத்தில் சந்தேகம் வந்தால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

இந்த நோய்க்கும் துத்தநாகக் குறைவுக்கும் ஆரம்பத்தில் முகம் ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் ஏமாந்துபோகிறோம். கண்ணால் பார்த்து முடிவு சொல்ல முடியாது, ஆய்வகத்தில் மரபணுச் சோதனை செய்தால்தான் உறுதியாகும். ஆகவே யாராவது பார்த்த மாத்திரத்தில் "எல்லாத்தையும் பிடுங்கு" என்றால் பிடுங்காதீர்கள். "ஒண்ணுமில்ல, சத்துக் குறைவுதான்" என்றாலும் அப்படியே விட்டுவிடாதீர்கள்.

அந்தத் தோட்டத்தில் என்ன ஆயிற்று?

மொத்தம் 40 கன்று. 11 கன்றுகளுக்கு எந்தக் கோளாறும் இல்லை, கொழுந்து வெளிறியிருந்ததைப் பார்த்துப் பயந்திருக்கிறார். 9 கன்றுகளுக்குத் தண்ணீர் தேங்கியது. மேட்டில் 6 கன்றுகளுக்கு இரும்புக் குறைவு. மீதி 14 கன்றுகளுக்குத் துத்தநாகக் குறைவு என்று அன்றைக்கு முடிவு செய்தோம்.

குழுவில் உள்ள ஏழு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி வடிகால் வெட்டிக் கொடுத்தார்கள். யூரியாவையும் டானிக்கையும் நிறுத்தினோம். இரண்டு மருந்தும் வாங்கிய செலவு 200 ரூபாயைத் தாண்டவில்லை.

இப்போது ஐப்பசி. பள்ளத்துக் கன்றுகள் 9இல் 7 தளிர்த்துவிட்டன. இரண்டு கன்று பட்டுப்போயிற்று, வேர் முழுக்க அழுகிவிட்டது. மேட்டுக் கன்றுகள் மெல்லத் தேறிவருகின்றன. துத்தநாகம் தெளித்த 14இல் 13 மரம் நல்ல அகலமான பச்சைக் கொழுந்து விட்டிருக்கிறது.

ஒரு மரம் மட்டும் தேறவில்லை. புதுக் கொழுந்தும் சிறுத்து மஞ்சளாகவே வந்தது. அப்போதுதான் இலையை மடித்துப் பார்த்தோம். இரண்டு பாதியும் ஒன்றுபோல இல்லை. ஆடியிலேயே மடித்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அலுவலரிடம் சொல்லி, புரட்டாசி கடைசியில் அந்த மரத்து இலைகளைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். மரத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டிவைத்திருக்கிறார். மற்ற மரங்களில் சைலா சேராமல் இருக்க, கொழுந்து விடும்போதெல்லாம் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கிறார். 10 லிட்டருக்கு அரைக் கிலோ வேப்பம் பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்தால் போதும்.

"சோதனையில நோயின்னு வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஒரு மரத்த வெட்டிட்டு முப்பத்தேழக் காப்பாத்துவேன். அன்னைக்கு அவுக சொன்னதக் கேட்டு நாப்பதையும் பிடுங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றார்.

நம் குழுக்களில் என்ன செய்யலாம்?

கன்று வாங்கும்போதே பாதிக் காரியம் முடிந்துவிடுகிறது. தெருவில் வண்டியில் வரும் கன்றை மலிவு என்று வாங்க வேண்டாம். அரசுத் தோட்டக்கலைப் பண்ணை, வேளாண் பல்கலைக்கழகம், அல்லது நன்றாகத் தெரிந்த நாற்றங்காலில் வாங்குங்கள். பதியன், ஒட்டுக்கன்று என்றால் தாய்மரத்தின் நோய் கன்றுக்கும் வரும். முடிந்தால் தாய்மரத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கடன் கொடுக்கும்போது கன்று விலையை மட்டும் பார்க்காமல், மண் பரிசோதனையையும் வடிகால் வசதியையும் குழு கேட்க வேண்டும். எலுமிச்சை காய்ப்புக்கு வர 3, 4 வருடம் ஆகும். தவணை அதற்கு முன்பே தொடங்கிவிடும். இதை முன்கூட்டியே பேசி, இடையில் ஊடுபயிரோ ஆடோ கோழியோ வைத்துத் தவணை கட்ட வழி செய்துகொள்ள வேண்டும்.

மாதக் கூட்டத்திற்கு வரும்போது மஞ்சளான இலை இருந்தால் கொண்டுவாருங்கள். ஓர் இலை போதாது. ஒரு பழைய இலை, ஒரு புது இலை, ஒரு நல்ல இலை, ஆக மூன்று. எந்த இடத்து மரம், எப்போது தண்ணீர் பாய்ச்சினீர்கள், என்ன உரம் போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சேர்ந்து பார்த்தால் தெரியும். நோய் என்று சந்தேகம் உள்ள இலையை மட்டும் பையில் மூடிக் கொண்டுவாருங்கள், பூச்சி பரவக்கூடாது.

எங்களுக்கும் தெரியாவிட்டால் வட்டார தோட்டக்கலை அலுவலகம் இருக்கிறது. வன்னிக்கோனேந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் எலுமிச்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிசான் அழைப்பு மையத்திற்கு 1800 180 1551 என்ற எண்ணில் காசில்லாமல் பேசலாம், தமிழிலேயே பதில் சொல்வார்கள்.

இது அடைமழைக் காலம். இன்றைக்கே போய் உங்கள் கன்றின் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் முதலில் அதை வெட்டி விடுங்கள். இலையைப் பார்ப்பது அதற்குப் பிறகு. கடைக்குப் போவது எல்லாவற்றுக்கும் கடைசி.

அந்த ஒரு மரத்தின் சோதனை முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் அடுத்த இதழில் எழுதுகிறோம்.